வாளையாரைத் தாண்டி ஒரே வீட்டில்: கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ வருபவர்களுக்கு

வேலை கோயம்புத்தூரில், வீடு மட்டும் எல்லைக்கு இந்தப்பக்கம், கேரளத்தில். வாளையாருக்கும் வேலந்தாவளத்துக்கும் மேற்கே வந்து குடியேறும் ஜோடிகளில் கல்யாணம் ஆகாதவர்களும் இப்போது நிறையப் பேர். வாடகை குறைவு என்று காரணம் சொல்வார்கள். சொந்த ஊர்க் கண் படாத தூரம் என்பதுதான் பாதிக் காரணம். நானும் அப்படி வந்தவள்தான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். ஒற்றப்பாலத்துக்காரர் ஒருவரோடு கொழிஞ்சாம்பாறையில் ஏழு வருஷமாக இருக்கிறேன். பகலில் கோவையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். வக்கீல் அல்ல. ஆனால் பிரிந்துபோன ஜோடிகளின் மனுக்களை டைப் அடித்து அடித்து, இவர்கள் எந்தத் தாளை முன்னாடியே எழுதி வைத்திருந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்பது கைக்குப் பழகிவிட்டது. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடலாம். வயது வந்த இருவர் மனமொப்பிக் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. நடிகை குஷ்பு மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்த 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'லிவிங் டுகெதர்' இருப்பவர்கள் அரசாங்கத்தில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அவ்வப்போது சுற்றும். அது உத்தராகண்ட் மாநிலத்தின் பொது சிவில் சட்டம், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அப்படிப் பதிவு எதுவும் கிடையாது. பதிவு இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் நாளைக்கு ஏதாவது என்றால் 'இவர் எனக்கு யார்' என்று காட்ட அரசாங்கத் தாள் ஒன்றும் இருக்காது என்பதும் அதற்குள்ளேயே அடக்கம்.

வீடு தேடும் முன்னால்: வயது, பழைய கல்யாணம்

இருவருக்கும் 18 முடிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு மாதம் குறைந்தாலும் போக்சோ சட்டம் வந்துவிடும். 'அவளாகத்தான் வந்தாள்' என்பது அங்கே எடுபடாது. பையனுக்கு 18 முடிந்து 21 ஆகவில்லை என்றால்? கல்யாணம் செய்ய முடியாது, சேர்ந்து வாழத் தடையில்லை. இந்தக் கேள்வி கேரளத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பையனுக்கு 21 ஆகவில்லை என்பதால் பெண்ணை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தது கேரள உயர் நீதிமன்றம். 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இருவரும் மேஜர், கல்யாணத்துக்கு வெளியேயும் அவர்கள் சேர்ந்து வாழலாம், யாரோடு இருப்பது என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும் என்றது.

அடுத்தது பழைய கல்யாணம். 'டைவர்ஸ் கேஸ் நடக்குது, சீக்கிரம் முடிஞ்சிடும்' என்று சொல்பவரோடு குடித்தனம் தொடங்குகிறீர்களா? தீர்ப்பின் நகலைக் கையில் பார்க்கும்வரை அவர் சட்டப்படி கல்யாணம் ஆனவர். மணமானவரோடு வாழ்வது இப்போது கிரிமினல் குற்றமல்ல. கள்ள உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. சிக்கல் வேறு இடத்தில். கல்யாணம் ஆனவர் என்று தெரிந்தே ஒருவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்த பெண்ணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று 2013இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஆபீசில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அழாமல் எழுந்துபோன பெண்ணை நான் பார்த்ததில்லை.

வாடகைப் பத்திரத்தில் இரண்டு பெயர்

நான் வந்த புதிதில் எங்கள் வக்கீல், "அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரோட ஆதாரத்தை ஒரு தடவை பாத்துக்கம்மா" என்றார். நான் நேரே போய் ஆதார் கார்டைக் கேட்டேன். அவர் எதற்கு என்று முழித்தாலும் கார்டை எடுத்துக் காட்டினார். கேரளத்தில் 'ஆதாரம்' என்றால் சொத்துப் பத்திரம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பத்திரம் பெரும்பாலும் மலையாளத்தில், பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் கட்டாயப் பதிவு வேண்டும் என்பதால் இந்த வழக்கம். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்த பிறகே கையெழுத்து. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. தனியார் பத்திரத்துக்கு அந்தச் சலுகை பேசிப் பயனில்லை.

பத்திரத்தில் இருவர் பெயரும் வாடகைதாரர் என்று வர வேண்டும். இதற்காகச் சண்டை போட்டாவது வாங்குங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர் காகிதத்தில் விருந்தாளி. இருவர் பெயரும் இருந்தால், ஒரே வீட்டில் இந்தத் தேதியிலிருந்து வாழ்கிறோம் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. எதற்கு அந்தச் சாட்சி என்பது கீழே வரும்.

வீட்டுக்காரரிடம் கணவன் மனைவி என்று பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பண்டு சம்பந்தம் தானே" என்று சிரித்தார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தாய்வழி மருமக்கத்தாயம் இருந்த மலபாரில் சம்பந்தம் என்ற உறவைச் சட்டம் வெகுகாலம் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 1896இல் மலபார் திருமணச் சட்டம் என்று ஒன்று போட்டுப் பதியச் சொன்னார்கள். பதிந்தவர்கள் மிகச் சிலரே. பிறகு 1933இல் அமலுக்கு வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டம்தான் அதற்குக் கல்யாண அந்தஸ்து கொடுத்தது. எல்லோரும் அந்த அம்மா மாதிரி இருக்க மாட்டார்கள். வீடு தர மாட்டேன் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. கொடுத்த பிறகு, 'நீங்க கல்யாணம் ஆகாதவங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது' என்று சாமானைத் தூக்கி வெளியே வைக்க மட்டும் முடியாது. கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அமலில் உள்ள இடங்களில் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் வழியாக, சட்டத்தில் சொன்ன காரணங்களுக்காக மட்டுமே காலி செய்யச் சொல்லலாம். மற்ற இடங்களிலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் பலவந்தம் செல்லாது.

அந்தப்பக்கம், தமிழ்நாட்டில் வீடு பிடித்தால் கணக்கு வேறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. இந்த 'வேறு உடன்பாடு' என்ற வார்த்தைக்குள்தான் பத்து மாத அட்வான்ஸ் ஒளிந்திருக்கிறது, படித்துப் பாருங்கள்.

கதவைத் தட்டினால்

தட்டுவது இரண்டு வகை. ஒன்று, சும்மா அதிகாரம் காட்டுவது. 2019இல் கோவையில் கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியிருந்தது என்று சொல்லி ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஆகாதவர்கள் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எது என்று கேட்டுச் சீலை அகற்றச் சொன்னது. விடுதிக்கே அப்படி என்றால் உங்கள் வாடகை வீட்டைக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது வகை வீட்டார் கொடுக்கும் 'காணவில்லை' புகார். பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ புகார் பதிவாகும், போலீஸ் இங்கே வரும். ஓடி ஒளிவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. வயதுச் சான்று, வாடகைப் பத்திரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஸ்டேஷனுக்கு இருவருமாகப் போங்கள், முடிந்தால் ஒரு வக்கீலோடு. என் விருப்பப்படி இங்கே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் அங்கேயும் அதையே சொல்லுங்கள். வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரோடு அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை. யாராவது வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய்விட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு. பாலக்காட்டுக்காரர்களுக்கு அது கொச்சி, கோவைக்காரர்களுக்குச் சென்னை.

வேறு சாதி, வேறு மதம் என்றால் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020 கிறிஸ்துமஸ் நாளில் பாலக்காட்டுத் தேங்குறிச்சியில் இன்னொருவர். இருவருமே முறையாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மிரட்டல் வந்தால், பேச்சுவார்த்தைக்கு ஊருக்கு வாருங்கள் என்ற அழைப்பை ஏற்காதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பும் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அப்புறம், 'இது எங்க லிமிட் இல்ல, வாளையாருக்கு அந்தப்பக்கம் போங்க' என்ற பதில் இந்த எல்லையில் ரொம்பப் பிரசித்தம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள், நாற்காலி போடுவார்கள்.

'கல்யாணம் மாதிரி' என்று சட்டம் எதைச் சொல்கிறது

சேர்ந்து வாழும் பெண்ணுக்கு இந்தியாவில் இருக்கும் பெரிய கவசம் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. கணவன் மனைவி மட்டுமல்ல, 'கல்யாணத்தின் தன்மை கொண்ட உறவு' என்று ஒன்றையும் அது சேர்த்துக்கொண்டது. அந்தச் சொற்றொடருக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்த வழக்கு எங்கள் ஊர்க்காரர்களுடையது. கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டுப் போட்டது. உச்ச நீதிமன்றம்வரை போய் 2010 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு நான்கு விஷயம் கேட்கிறது. ஊரார் முன் கணவன் மனைவி போலவே இருந்திருக்க வேண்டும். இருவருக்கும் சட்டப்படி கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும். வேறு யாரையும் கல்யாணம் செய்திராமல், கல்யாணம் செய்யத் தகுதியோடு இருக்க வேண்டும். விருப்பத்தோடு கணிசமான காலம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் வந்து போவது சேராது. எத்தனை வருஷம் என்று எண் கிடையாது. 2013 தீர்ப்பு இன்னும் கொஞ்சம் விரித்தது: பணத்தைச் சேர்த்துச் செலவு செய்தார்களா, வீட்டு வேலை எப்படி நடந்தது, குழந்தை உண்டா, உறவினர் நண்பர் முன் எப்படி நடந்துகொண்டார்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இங்கேதான் ஒரு முரண். எல்லை தாண்டி வருவதே யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான். வீட்டுக்காரரிடம் 'கசின்' என்பது, பக்கத்து வீட்டில் பேசாதது, ஆபீசில் சிங்கிள், ஊரில் ஹாஸ்டல் முகவரி. ஐந்து வருஷம் இப்படி ஒளிந்து வாழ்ந்துவிட்டுப் பிரச்சினை என்று வரும்போது, 'ஊரார் முன் கணவன் மனைவி போல் வாழ்ந்தோம்' என்று மனுவில் எழுத வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கசின் கதையை எடுத்து மேசையில் வைப்பார். ஒளிய வேண்டிய கட்டாயம் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நண்பர்களுக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும். இருவர் பெயரில் வாடகைப் பத்திரம், ஒரே முகவரிக்கு வரும் வங்கிக் கடிதங்கள், கேஸ் ரசீது, சேர்ந்து எடுத்த ரயில் டிக்கெட், தேதியோடு போட்டோக்கள். ஒரு கவரில் போட்டு, அந்த வீட்டுக்கு வெளியே வேறொருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

இந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? அடி உதை மட்டுமல்ல. வார்த்தைக் கொடுமை, பணம் கொடுக்காமல் நெருக்குவது, நகையையும் சர்டிபிகேட்டையும் பூட்டி வைப்பது எல்லாமே வன்முறைதான். அருகில் வரக் கூடாது என்று தடை, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு அல்லது மாற்று வீட்டுக்கு வாடகை, மாதச் செலவுக்குப் பணம், இழப்பீடு, குழந்தையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உரிமை. வீட்டில் இருக்கும் உரிமை வேறு, வீட்டின் மேல் சொத்துரிமை வேறு. இரண்டாவது இதில் வராது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், வழக்கு 60 நாளுக்குள் முடிய முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 60 நாளில் முடிந்ததை நான் டைப் அடித்ததில்லை. இடைக்கால உத்தரவு மட்டும் சீக்கிரம் வாங்கலாம், அதை மனுவிலேயே கேளுங்கள். உத்தரவை மீறினால் ஒரு வருஷம்வரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பெண் நிரந்தரமாக அல்லது தற்காலிகமாக எங்கே இருக்கிறாரோ, எங்கே வேலை பார்க்கிறாரோ, எதிராளி எங்கே இருக்கிறாரோ, சம்பவம் எங்கே நடந்ததோ, எந்த இடத்து மாஜிஸ்திரேட்டிடமும் மனு போடலாம். வீடு கஞ்சிக்கோடு, வேலை பீளமேடு என்றால் பாலக்காடா கோவையா என்பது உங்கள் விருப்பம். உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். கோவையில் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். கேரளத்தில் 'வனிதா சம்ரக்ஷண ஓஃபீஸர்' என்று கேளுங்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தை இங்கே சிவில் ஸ்டேஷன் என்பார்கள், அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பு கிடையாது. இது தெரியாமல் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவர்கள் உண்டு.

என்ன கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டத்தில் மனைவிக்கான ஜீவனாம்சப் பிரிவு, பழைய 125, இப்போது 144, சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு நேரடியாகப் பொருந்துமா என்பதில் தகராறு ஓயவில்லை. பணம் வேண்டும் என்றால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் வழியே கேட்பதுதான் உறுதியான பாதை. பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, அதாவது கணவன் கொடுமைக்கான பிரிவில், சேர்ந்து வாழ்ந்தவர் 'கணவன்' ஆக மாட்டார் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடித்தால் அடித்ததற்கான சாதாரணக் குற்றப் பிரிவுகள் இருக்கின்றன.

ஆண்களுக்கு? குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுதாரராக ஆண் வர முடியாது. பொதுக் குற்றச் சட்டம், சிவில் வழக்கு மட்டும்தான். கடமை என்று பார்த்தால் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவை ஆண்கள் ஒருமுறை படிப்பது நல்லது: நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாணம் செய்வதாக வாக்குக் கொடுத்து உடலுறவு கொண்டால் பத்து ஆண்டுவரை சிறை. உண்மையாகவே நினைத்துப் பிறகு முறிந்துபோனது வேறு, முதல் நாளே ஏமாற்றியது வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துத்தான் பார்க்கின்றன. ஆனாலும் சண்டையைச் சமாளிக்க 'தை மாசம் கட்டிக்கலாம்' என்று சும்மா மெசேஜ் அனுப்பும் பழக்கம் வேண்டாம்.

முத்திரைத் தாளில் கல்யாணம் விற்பவர்கள்

கோர்ட் வாசல்களில் சிலர், இருவரையும் உட்கார வைத்து முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி, நோட்டரி சீல் குத்தி, 'இனி நீங்க கணவன் மனைவி' என்று பணம் வாங்குவார்கள். அது கல்யாணம் அல்ல. கேரளத்தில் ஓர் இந்து ஆணும் கிறிஸ்தவப் பெண்ணும் 2006இல் ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தையும் உண்டு. பிரிய நினைத்து விவாகரத்துக் கேட்டபோது, ஒப்பந்தத்தை வைத்து வாழ்வதைச் சட்டம் கல்யாணமாக ஏற்கவில்லை, நடக்காத கல்யாணத்துக்கு விவாகரத்துக் கொடுக்க முடியாது என்று 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடகையில் யார் எவ்வளவு, ஃபிரிட்ஜும் வண்டியும் யாருடையது, அட்வான்ஸ் திரும்பி வந்தால் எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பது நல்ல பழக்கம். அது பணக் கணக்குக்கான தாள். அவ்வளவுதான் அதன் வேலை.

பணம், வீடு, பி.எஃப்.

கூட்டாக வங்கிக் கணக்கு திறக்க உறவு தேவையில்லை. வங்கி வைப்புக்கு யாரையும் நாமினியாகப் போடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கையில் வைத்திருப்பவர். வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டிய நிலை வரும். இந்து வாரிசுரிமைச் சட்டத்திலோ மற்றச் சமயத்தாரின் சட்டத்திலோ சேர்ந்து வாழ்ந்தவருக்கு வாரிசு வரிசையில் இடமே இல்லை. பத்து வருஷம் உங்களோடு பேசாத அண்ணன் மகனுக்குக் கூட இடம் இருக்கலாம். ஆகவே உயில். வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத் தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. நான் பதியச் சொல்வேன், ஏனென்றால் எதிர்ப்பு வரப்போவது நிச்சயம். முஸ்லிமாக இருந்தால் பொதுவாக மூன்றில் ஒரு பங்குவரைதான் உயிலால் வெளியாருக்கு எழுத முடியும்.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் பி.எஃப். நாமினேஷனைப் பாருங்கள். மனைவி, குழந்தை, நம்மை நம்பியிருக்கும் பெற்றோர் என்று குடும்பம் இருந்தால் வெளியாரை நாமினியாகப் போட்டாலும் செல்லாது. குடும்பம் என்று யாரும் இல்லாதவர் மட்டும் விரும்பியவரைப் போடலாம்.

வீடு வாங்குவதுதான் பெரிய கண்ணி. 'லோன் அவர் பேர்ல ஈசியா கிடைக்கும், பணம் நான் போடுறேன்' என்று ஒருவர் பணத்தில் மற்றவர் பெயரில் வாங்குவார்கள். மனைவி, கணவன், பிள்ளைகள் பெயரில் கணக்குள்ள பணத்தில் வாங்கினால் பினாமிச் சட்டம் விலக்குத் தருகிறது. சேர்ந்து வாழ்பவருக்கு அந்த விலக்கு இல்லை. பிரிந்த பிறகு 'அது என் பணம்' என்று கோர்ட்டுக்குப் போனால், வீட்டைக் கேட்கப்போய் பினாமி என்ற பெயர் மிஞ்சும். யார் எவ்வளவு போடுகிறாரோ அந்தப் பங்கோடு ஆதாரத்தில் இருவர் பெயரும் வரட்டும், பணம் அவரவர் கணக்கிலிருந்து போகட்டும். தானமாக எழுதிக் கொடுத்தாலும் குடும்பத்தாருக்கான முத்திரைக் கட்டணச் சலுகை கிடைக்காது. வருமான வரியிலும் நீங்கள் 'உறவினர்' அல்ல. ஒரு நிதியாண்டில் வந்த அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வாங்கியவரின் வருமானம்.

ஆஸ்பத்திரி

மூன்று வருஷம் முன்பு அவருக்கு நள்ளிரவில் குடல்வால் வலி. ஆஸ்பத்திரி கவுண்டரில் "பேஷன்டுக்கு நீங்க ஆரு?" என்றார்கள். வாயில் வந்தது "தெரிஞ்சவங்க". எழுதிக்கொண்டு, சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒற்றப்பாலத்துக்கு போன் போட முடியாத நிலைமை. வலியோடு அவரே, "நான் நினைவோடதான் இருக்கேன், நானே போடுறேன்" என்று பேனாவைப் பிடுங்கினார். சரியான பதில் அதுதான். நினைவோடு இருக்கும் வயது வந்தவரின் சம்மதம் போதும். நினைவில்லாதபோது யார் என்பதற்கு முன்கூட்டியே தாள் எழுதி வைக்கலாம்: உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முன்விருப்ப ஆவணத்தை இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் எழுதலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியது, முடிவெடுப்பவராக ஒருவர் பெயரை அதில் குறிப்பிடலாம். மனநலச் சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளைத் தாளிலேயே பிரதிநிதியை நியமிக்கலாம். அந்த இரவுக்கு அடுத்த வாரம் நாங்கள் இரண்டையும் எழுதினோம்.

குழந்தை பிறந்தால்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்பா பெயர் சேர்ப்பது நல்லது. அவர் மறுத்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அம்மா பெயரோடு மட்டும் சான்றிதழ் பெற 2015இல் உச்ச நீதிமன்றம் வழி செய்திருக்கிறது. இந்துக்களில் இப்படிப் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் முதலில் அம்மா, பிறகு அப்பா.

செலவுக்குப் பணம் கொடுக்கும் கடமையில் சட்டம் கல்யாணத்தைப் பார்ப்பதில்லை. 144ஆம் பிரிவு, மணவுறவில் பிறந்ததோ இல்லையோ, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத சிறு குழந்தைக்குக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. சொத்து மட்டும் சிக்கல். அம்மாவின் சொத்தில் உரிமை உறுதி. அப்பாவின் சொத்தில், பெற்றோர் நெடுங்காலம் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள் என்று நிரூபித்துக் கல்யாணம் நடந்ததாக நீதிமன்றத்தை அனுமானிக்க வைக்க வேண்டும். கேரளக் குடும்பம் ஒன்றின் வழக்கில் அப்படி வாழ்ந்த ஜோடியின் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கேரள உயர் நீதிமன்றம் மறுத்த பிறகு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. அப்பா ஒரு பக்க உயில் எழுதினால் அந்த அலைச்சல் இல்லை.

தத்தெடுப்பதில் ஜோடி என்றால் இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை கேட்பார்கள். வாடகைத்தாய் வழியும் கல்யாணம் ஆகாத ஜோடிக்கு மூடப்பட்டிருக்கிறது.

பிறகு கல்யாணம் செய்ய முடிவெடுத்தால்

பாதிப் பேர் ஒருநாள் இந்த முடிவுக்கு வருகிறார்கள், நாங்களும் அதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். சாதி மதம் எதுவானாலும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பு அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும் என்பதால், வீட்டாருக்குத் தெரியும் ஆபத்து இருந்தால் எந்த மாவட்டம் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இங்கேயும் அந்த வாடகைப் பத்திரம் உதவும்.

இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் எளிது: ஐயர் வேண்டாம், மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அதற்கு இடம் தரும் இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு தமிழ்நாட்டுத் திருத்தம், 1968 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. வாளையாருக்கு இந்தப்பக்கம் அது இல்லை. ஆகையால் அந்த முறை வேண்டுமென்றால் கோவைக்குப் போய்ச் செய்து அங்கேயே பதிந்துவிட்டு வாருங்கள். தமிழ்நாட்டில் பதிய 90 நாள், கேரளத்தில் நடந்த கல்யாணத்தைப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிய 45 நாள்.

பதிவு முடிந்த கையோடு பழைய கவரைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. குடும்பம் இல்லாதவர் என்று போட்ட பி.எஃப். நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும், புதிதாகப் போட வேண்டும். இந்துவின் உயில் கல்யாணத்தால் ரத்தாகாது. கிறிஸ்தவரின் உயில் ரத்தாகிவிடும். தாலி கட்டிய வாரமே மறுபடி எழுதி, இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுங்கள்.